ஓவியமாகும் ஒளிப்படம்: திருக்கடையூர் மணிவிழாப் படங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

காவிரி கடலொடு கலக்கும் நாட்டில், தரங்கம்பாடிக்கு அண்மையில் அமைந்தது திருக்கடையூர். மார்க்கண்டேயனைக் காத்தற்பொருட்டு இறைவன் காலனை உதைத்த தலம் இதுவென்பர். அந்நம்பிக்கையால் அறுபது ஆண்டு நிறைந்தோர் மணிவிழாவினையும், எண்பது நிறைந்தோர் ஆயிரம் பிறை கண்ட விழாவினையும் இவ்வூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் நிகழ்த்துகின்றனர். கலச நீராட்டும், மாலை மாற்றலும், மீண்டும் தாலி அணிவித்தலும் ஒளிப்படங்களாகப் பதிவாகின்றன. அண்மைக் காலத்தே இப்படங்களுட் சில, கைப்பேசிச் செயலிகளால் ஓவியம் போல் மாற்றப்பெற்று, சட்டமிடப்பெற்று, இல்லச் சுவர்களை அணிசெய்கின்றன. இம்மாற்றத்தால் படம் பெறுவது யாது, இழப்பது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஒளிப்படத்தின்மேல் தூரிகை படிதல் இன்று தோன்றிய வழக்கன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். அக்காலத்து எதிர்ப்படிகளில் வானம் பெரும்பாலும் வெறுமையாகவே பதியும். அவர் தம் எதிர்ப்படிகள் பலவற்றில் வண்ணம் பூசி, முகில்களையும் இலைச் செறிவையும் வருவித்தார். பின்னர்க் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டும் தொழில் நாடெங்கும் பரவிற்று. ஆகலின், ஒளிப்படம் மெய், ஓவியம் பொய் என எளிதிற் பகுத்துச் செயலிகளைக் கடிதல் பொருந்தாது. குறை வேறிடத்தே உளது.

அதனைக் காண்டற்குச் செயலிகளின் இயக்கத்தைச் சிறிது அறிதல் வேண்டும். 2015-ஆம் ஆண்டில் கேட்டிஸ், எக்கர், பெத்கே என்னும் மூவர், ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலிருந்து ஒரு முறையை வெளியிட்டனர். ஒரு படத்தின் பொருளமைப்பையும் மற்றொரு படத்தின் தீட்டுமுறையையும் கணிப்பொறி தனித்தனியே உணர்ந்து ஒன்றாக்கும் முறை அது. 2016-இல் வெளிவந்த பிரிஸ்மா என்னும் செயலி இத்தகைய ஆற்றலைக் கைப்பேசிக்குக் கொணர்ந்தது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி வாயிலாக எங்கும் பரவிய ஜிப்லி பாணிப் படங்களோ வேறு வகையின. முன்னது ஒளிப்படத்தின் கோடுகளைப் பெரிதும் பற்றிக்கொண்டு வண்ணத்தையும் தீற்றலையும் மாற்றுவது. பின்னது ஒளிப்படத்தைக் கருவாகக் கொண்டு முழுவதையும் புதிதாக வரைவது. இரண்டன் பயனும் காண்பார்க்கு ஒன்றுபோல் தோன்றினும், திறனாய்வார்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

உவமை தோன்றும் வகையாகத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்கனைக் கூறுவர். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். ஒன்றனை ஒன்று ஒத்தல் எவ்வாறு என்னும் வினாவிற்கு விடையாக அமைந்த இப்பகுப்பு, உருவப்படத்தின் ஒப்புமையை ஆராய்தற்கும் துணை நிற்கும். முதல் வகைச் செயலி உருவை மாற்றி மெய்யைப் பெரும்பாலும் காக்கின்றது. இரண்டாம் வகை மெய்யினையும் தீண்டுகின்றது. வினை, பயன் என்னும் ஏனை இரண்டனையும் இவை அறியுமோ என்பதே வினா.

யான் கண்ட படமொன்று இதற்குச் சான்றாகும். திருக்கடையூரில் மணிவிழா நிகழ்த்திய உழவர் ஒருவர், இளமையில் நெல்லறுக்குங்கால் அரிவாள் பட்டு இடக்கைச் சிறுவிரலின் நுனியை இழந்தவர். மைந்தர் விரும்பிச் செய்வித்த ஓவியப் படத்தில் அவ்விரல் நிறைவுற்று விளங்கிற்று. நெற்றிச் சுருக்கங்கள் மறைந்தன. மனைவியாரின் இரு மூக்குத்திகளுள் ஒன்று காணாமற் போயிற்று. படம் அழகியதே. எனினும் அவ்வம்மையார் அதனை நெடிது நோக்கி, முகம் அவருடையதே, கை அவருடையதன்று என்றனர். அவ்விரற்குறை வடிவின் குற்றமன்று. நாற்பதாண்டு உழவுவினை உடலில் எழுதிய எழுத்து. செயலி அதனைப் பிழையெனக் கருதித் திருத்தியதுமன்று; கைகளின் பொது வடிவத்தை அங்கு நிரப்பியது, அவ்வளவே. முதுமையைப் போற்றுதற்கு எடுத்த விழாவின் படத்திலிருந்து முதுமையே நீங்கிற்று. என்றும் பதினாறு மார்க்கண்டேயனுக்கு வரமாகலாம். மணிவிழாக் காணும் முதியோர்க்கு அது வரலாற்றிழப்பு.

தஞ்சாவூர் ஓவியமும் முகங்களைப் பொதுமைப்படுத்துகின்றதே எனின், அது தெய்வ வடிவை மரபு வழியிற் காட்டுவது. பலகைமேல் சுண்ணக் கலவையால் புடைப்புச் செய்து, பொன் தகடும் கற்களும் பதிக்கும் அக்கலையின் பொதுமையைக் காண்போர் மரபென்றே அறிவர். நம் தந்தையின் விரலென்று கொள்ளார். நெடுநல்வாடை, பிரிவால் அணி துறந்திருக்கும் அரசியை வண்ணம் தீட்டாத ஓவியத்திற்கு ஒப்பிடுகின்றது. அங்கு வண்ணமின்மையே பொருள் தருகின்றது. தீட்டுதலும் தீட்டாது விடுதலும் பொருள் நோக்கிப் பிறத்தல் வேண்டும் என்பது இதனாற் போதரும். செயலியோ, எம்முகத்திற்கும் ஒரே புனைவினை வழங்குகின்றது.

இவ்வூர் வழக்கே மற்றொரு விளக்கமும் தரும். அமாவாசையன்று சரபோசி மன்னர் திதி வினவ, அபிராமிபட்டர் நிறைமதி நாளென விடையிறுத்தார் என்பர். உள்ளது ஒன்றாக அவர் கண்டது வேறு. ஆயினும் அது அவர் உள்ளம் கண்டது, அதற்குத் தம் உயிரையே பிணையாக்கினார். கலைஞன் உள்ளதை மாற்றலாம். மாற்றத்திற்கு அவன் பொறுப்பாளன். செயலியின் மாற்றத்திற்குப் பொறுப்பேற்பார் யார்? படத்தை ஏற்றுச் சுவரில் மாட்டும் நாமே.

ஓவியரை அமர்த்தும் பொருள்வளம் இல்லாதாரும் இன்று தம் பெற்றோரை ஓவியமாகக் காண்கின்றனர். இம்மகிழ்ச்சி சிறிதன்று, அதனை மறுத்தல் இவ்வாய்வின் நோக்கமுமன்று. வேண்டுவன இரண்டே. ஓவியப் படம் செய்வோர் மூல ஒளிப்படத்தை அழியாது காத்து, நாளும் இடமும் குறித்து வைத்தல் வேண்டும். களப்பணி செய்யும் இளம் ஆய்வாளர், இல்லங்களின் சுவர்ப்படங்களிலிருந்து அணியும் உடையும் தொழிற்குறியும் தொகுக்குங்கால், அவை மூலப்படமோ மாற்றப்பெற்றதோ என வினவித் தெளிதல் வேண்டும். இன்றேல், ஒரு தலைமுறை கழிந்தபின், மூக்குத்தி ஒன்றே அணிந்தனர் என்றும், அறுவடைக் கைகள் வடுவின்றி இருந்தன என்றும் நம் ஆய்வேடுகளே எழுதக்கூடும்.