பெயர்ப்பலகைப் பிழைகளும் பாட ஆராய்ச்சியும்

கடைத்தெருக்களிலும் நெடுஞ்சாலைகளிலும் காணப்படும் பெயர்ப்பலகைப் பிழைகளைத் தொகுத்து நகையாடும் வழக்கம் நம் தமிழ்த் துறைகளில் நெடுங்காலமாக உண்டு. அவற்றைத் திரட்டி வருமாறு முதுகலை மாணவரைப் பணித்தலும், திரட்டியவற்றை வகுப்பிற் படித்துச் சிரித்தலும், 'இலக்கணக் கல்வி குன்றியதே காரணம்' என இறுதியில் முடித்தலும் அவ்வழக்கத்தின் உறுப்புக்களாம். சிரித்தல் குற்றமன்று, 'இங்கு சிறுநீர் களிக்காதீர்' என்னும் சுவரெழுத்தின் முன் சிரியாதார் யார்? ஆயின், சிரித்தபின் கூறும் அம்முடிபு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. சுவடியிற் பிழை கண்டவிடத்து, எழுதியவன் காதாற் கேட்டு எழுதினானா, கண்ணாற் பார்த்துப் படியெடுத்தானா என்று வினவப் பயின்றவர் நாம். தெருவிற் கிடக்கும் எழுத்தைப் பற்றி மட்டும் அவ்வினாவை நாம் எழுப்புவதில்லை.

பலகைப் பிழைகளுட் பெரும்பாலன செவிப்பிழைகள். ழகர ளகரங்களை ஒன்றாக ஒலிப்போர் அவற்றை எழுத்திலும் மயக்குகின்றனர். ரகர றகரங்களை ஒன்றாகக் கேட்போர் 'கோழிக் கறி' என்பதனைக் 'கோழிக் கரி' ஆக்குகின்றனர். இவற்றைத் தொகுப்போர் பலகை நின்ற ஊரைக் குறிப்பதில்லை. இது பெருங்குறையாகும். தென்மாவட்டங்களின் பேச்சிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ழகரம் ளகரமாகின்றது. சென்னைப் பேச்சிலோ அது யகரமாகத் திரிந்து 'வாயப்பயம்' என வழங்குகின்றது. ரகர றகர வேறுபாடு குமரி மாவட்டத்தார் பேச்சில் இன்றும் செவிக்குப் புலனாவது. பிற மாவட்டங்கள் பலவற்றில் அது மறைந்தொழிந்தது. ஆகவே 'கோழிக் கரி' என்னும் பலகை மதுரையில் நிற்பின் அஃது ஒலிமாற்றத்தின் சான்று. அதுவே நாகர்கோவிலில் நிற்பின் வேறு விளக்கம் வேண்டும்; எழுதியவர் வேற்றூரினராதலும் கூடும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 'வாளைப்பளம்' என்று எழுதிய பலகைகளைப் பலகாற் கண்டுள்ளேன். 'வாயப்பயம்' என்று எழுதிய பலகையை யான் கண்டதே இல்லை. யகரத் திரிபு இழிவழக்கு என அதனைப் பேசுவோராலேயே உணரப்படுகின்றது. எழுதுங்கால் அவர் தம்மைத் திருத்திக் கொள்கின்றார். ளகரத் திரிபோ திரிபென்றே உணரப்படுவதில்லை. எனவே, ஒருவர் எவ்வாறு பேசுகின்றார் என்பதைப் பலகை காட்டுவதில்லை. தம் பேச்சில் எதனை மாற்றமென்று அறியார் என்பதையே அது காட்டுகின்றது. மொழிநூலார்க்கு இஃது எளிதிற் கிட்டாத சான்று.

இனித் 'தேனீர்' என்பதனைக் காண்போம். தமிழ்நாட்டுப் பலகைகளில் மிகப் பரவிய பிழை இதுவே எனலாம். இருபத்தைந்து ஆண்டுகட்கு முன், முதுகலை மாணவனாய் இருந்த காலத்து, நாள்தோறும் செல்லும் ஒரு கடையின் முகப்பில் இச்சொல்லைக் கண்டு, அதன் உரிமையாளரிடம் 'தேநீர்' என்று திருத்துமாறு கூறினேன். தேன் கலந்த நீரே தேனீர் என்று இலக்கணமும் விளக்கினேன். பொறுமையோடு கேட்ட அவர், "ரெண்டையும் சொல்லிக் காட்டுங்க தம்பி" என்றார். சொல்லிக் காட்டினேன். அவர் செவிக்கு வேறுபாடு கேட்கவில்லை. உண்மை கூறின், என் செவிக்கும் கேட்கவில்லை. பல்லைத் தொடும் நகரத்தையும் அண்ணத்தைத் தொடும் னகரத்தையும் தொல்காப்பியர் பிறப்பிடத்தால் வேறுபடுத்தினார். இன்றைய பேச்சிலோ, தகரத்தை அடுத்து வரும் இடம் நீங்கலாக, சொல்லின் நடுவில் அவ்வேறுபாடு இல்லை. நகரம் சொல்லின் முதலில் வரும், னகரம் வாராது என்னும் விதி ஒன்றே எழுதுவோர்க்குத் துணை. 'நீர்' தனிச்சொல் என்னும் நினைவு இருக்கும்வரை நகரம் நிற்கும். அந்நினைவு நீங்கி, இரு சொற்களும் ஒன்றிவிட்ட நிலையில், நடுவில் வருவது னகரமே என்று கை எழுதிவிடுகின்றது. மேலும், 'தே' என்பது சீனத்திலிருந்து ஐரோப்பியர் வழி வந்த சொல்லாதலின் தமிழ்ச் செவிக்கு அது தனியே பொருள் தருவதில்லை. 'தேன்' பொருள் தருகின்றது. கடைக்காரரின் பிழையில் ஒரு தொகைச்சொல் தனிச்சொல்லாக மாறிய வரலாறு பதிந்திருப்பதை அன்று யான் உணர்ந்திலேன். பலகையைத் திருத்தச் சொன்னது தவறென்று கூறவில்லை. அதனை அறியாமை என்று எண்ணியதே தவறு.

'மழிகைக் கடை', 'குழிர்பானம்' என்பன இதற்கு மறுதலையானவை. மழித்தல் முடி களைதலாதலின் மழிகைக் கடை என்பது முடிதிருத்துவோர்க்கே பொருந்தும் என்று நகைப்பதுண்டு. ஆயின் இவற்றை எழுதியவர் இலக்கணத்தைப் புறக்கணித்தவர் அல்லர். ழகரம் உயர்ந்தது, ளகரம் எழுதினாற் சிரிப்பர் என்று அஞ்சியவர். நம் நகையாட்டு அவர் காதுக்கு எட்டியதன் விளைவு இது. பிழைதிருத்த நூல்கள் பெருகப் பெருக இவ்வகைப் பிழையும் பெருகுமோ என ஐயுறுகின்றேன்.

செவிவழி எழுதுதல் இன்று தோன்றிய கேடும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் முதலாம் இராசராசன் (985–1014) தானும் தன் அக்கனும் பிறரும் அளித்தவற்றைக் 'குடுத்தன' என்றே பொறிப்பித்தான். அதனைப் பேச்சு வழக்கின் சான்றாக நாம் போற்றுகின்றோம். அதே வடிவத்தை ஒரு கடைப்பலகையிற் கண்டாற் செங்கோடு இடுகின்றோம். புள்ளியின் நிலையும் இத்தகையதே. ஓலை பொத்துப்போகும் என்று ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இட்டிலர், பொருளறிந்தே படித்தனர். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் நோக்கித் தெளிய வேண்டியிருந்தது. இன்றைய பலகைகளில் வெயிலுக்கும் மழைக்கும் முதலில் உதிர்வது புள்ளியே. புள்ளி உதிர்ந்த 'கல்வி' என்ன ஆகும் என்பதை மாணவர் பயிலும் இவ்விதழிற் கூறாது விடுகின்றேன். ஆயினும் அப்பலகையைக் கடந்து செல்வோருட் பலர் அதனைக் 'கல்வி' என்றே படித்துச் செல்கின்றனர்.

இதுவரை கூறியவை தமிழ் பேசுவோர் தமிழில் எழுதியபோது நேர்ந்தவை. தமிழ் அறியாதார் தமிழ் எழுத்தை வரையும்போது நேர்வன வேறு. அவை கட்பிழைகள். இவற்றுக்கு இலங்கை அரசுப் பலகைகளிற் போதிய சான்றுகள் உண்டு. அந்நாட்டில் 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழி ஆக்கிற்று; 1987-இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது; 1991-இல் அதற்கென ஆணைக்குழுச் சட்டமும் வந்தது. எனவே பலகைகளில் தமிழ் இடம்பெறுகின்றது. ஆனால் பேருந்து இருக்கைகளின் மேல் 'கர்ப்பிணித் தாய்மாருக்கு' என்று இருக்க வேண்டியது 'கர்ப்பிணி நாய்மாருக்கு' என ஒட்டப்பட்ட செய்தி பரவலாகப் பேசப்பட்டது. தகரமும் நகரமும் கீழிறங்கி வளையும் பகுதியில் ஒத்தவை. தொடங்கும் பகுதியில் மட்டும் வேறுபடுவன. எழுத்தை வடிவமாக மட்டும் கண்டவர்க்கு அவ்வேறுபாடு ஒரு சிறு கீற்று. 'தாய்' என்பதை 'நாய்' என்று கேட்கும் தமிழ்ச் செவி எங்கும் இல்லை. வரைந்தவர், அச்சிட்டவர், ஒட்டியவர், மேற்பார்த்தவர் ஆகிய இவருள் ஒருவரேனும் தமிழறிந்தவராய் இருந்து ஒருமுறை வாய்விட்டுப் படித்திருப்பின் அப்பிழை வீதிக்கு வந்திராது.

வாய்விட்டுப் படித்தல் என்னும் இதனையே இருவகைப் பிழைகட்கும் உரைகல்லாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. தேநீர்க் கடைக்காரர் அன்று என்னிடம் கேட்டதும் அதுவே. செவிப்பிழை வாய்விட்டுப் படித்தால் மறைந்துவிடும். கட்பிழை வாய்விட்டுப் படித்தவுடன் வெளிப்படும். முன்னது மொழி வழங்குவதன் அடையாளம். பின்னது, சட்டத்தில் இடம் பெற்ற மொழி அலுவலகத்தில் ஆளின்றி நிற்பதன் அடையாளம். இரண்டையும் ஒரே ஏட்டில், 'நகைச்சுவை' என்னும் ஒரே தலைப்பின்கீழ்த் தொகுப்பவர், கர்ப்பிணியாய் அப்பேருந்தில் ஏறி அத்தொடரைப் படித்த தமிழ்ப் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்த்திலர். அவ்விடத்து வேண்டுவது நன்னூற் பயிற்சி அன்று. தமிழறிந்த ஓர் அலுவலர்.

மூன்றாவதாக, பொறியால் நேரும் பிழை ஒன்று இக்காலத்துத் தோன்றியுள்ளது. கையால் வண்ணம் தீட்டிய பலகைகளின் இடத்தை ஃபிளெக்ஸ் பதாகைகள் பிடித்தபின், தமிழ் எழுத்தை ஒழுங்குபடுத்த அறியாத மென்பொருள்களில் எகர, ஏகாரக் கொம்புகளும் ஐகாரக் குறியும் தத்தம் மெய்க்கு முன் நில்லாது பின்னே சென்று விடுகின்றன. மேற்கூறிய கடையிலும் அண்மையிற் பதாகை மாறியது. 'தேநீர்' என நகரமே இட்டுள்ளனர்; ஆனால் ஏகாரக் கொம்பு தகரத்தைக் கடந்து நகரத்தின் முன் நிற்கின்றது. இதனை வாய்விட்டுப் படிக்கவே இயலாது. ஏடெழுதிய எவரும் இத்தகைய பிழை செய்திலர், செய்தலும் இயலாது. இதற்குப் பாட ஆராய்ச்சியில் இன்னும் பெயரில்லை.

எம் வகுப்பில் இவ்வாண்டு முதல் பிழைத்தொகுப்புப் பயிற்சியை மாற்றியுள்ளோம். பிழையையும் அதன் திருத்தத்தையும் மட்டும் எழுதி வருவார்க்கு மதிப்பெண் இல்லை. பலகை நின்ற ஊர், அது சுவரா தகரமா பதாகையா என்பது, எழுதியவரின் ஊரும் தாய்மொழியும் அறிய இயலுமேல் அவை, வாய்விட்டுப் படித்தபோது பிழை கேட்டதா இல்லையா என்பது ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். தீட்டிய பலகைகள் குறைந்து வருகின்றன; பதாகைகளோ சில திங்களிற் கிழிந்துவிடும். ஆதலின் படம் எடுத்த நாளையும் உடன் குறித்து வருமாறு மாணவரிடம் கூறியுள்ளேன்.