பாதி வயரிங்

பழைய ஜீப்பை மாற்றிக் கட்டுபவர்கள் கூடும் இடங்களில் முன்பெல்லாம் பானட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டுவார்கள். சில ஆண்டுகளாக வயரிங்கைக் காட்டுகிறார்கள். கறுப்பு வலைக்குழாய்க்குள் அடங்கி ஃபயர்வாலை ஒட்டி நேராக ஓடும் கொத்து, வரிசையாகச் செருகிய ஃபியூஸ்கள், மூடியில் பெயர் ஒட்டிய ரிலே பெட்டி. சுற்றி நிற்பவர்கள் படம் எடுக்கிறார்கள். “பழைய வயரிங்கை முழுசாப் பிடுங்கிட்டோம், புது செட்டே இறக்கிட்டோம்” என்று உரிமையாளர் சொல்கிறார். அந்த ஒரு வாக்கியம் போதும், வண்டியின் மின்சார வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். பழைய ஜீப்பை விலை பேசும்போதும் அதுதான் முதலில் வருகிறது.

என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தப் புது செட்டில் பெரும்பாலும் இருப்பது சுற்றில் ஒரு பாதிதான். மறுபாதியை யாரும் தொடவில்லை. தொட்டிருந்தாலும் பெயிண்ட் அடித்து மேலும் கெடுத்திருக்கிறார்கள்.

பழைய வயரிங்கை எடுத்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நாற்பது ஐம்பது வருடம் எஞ்சின் சூட்டில் கிடந்த பிவிசி உறை விரலால் மடக்கினாலே விரிசல் விடும். பஞ்சு நூல் பின்னிய அதற்கு முந்திய வயர்களில் உறைக்குள் இருக்கும் ரப்பர் பொடியாக உதிரும். நடுவில் எத்தனையோ கைகள் டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருக்கும். ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போகும் ஏற்பாட்டை விட்டுவிட்டு ரிலே வைப்பது நல்ல மாற்றம். டைனமோ இருந்த வண்டியில் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் பூட்டிவிட்டு, அத்தனையையும் பழைய அம்மீட்டர் வழியாகவே ஓடவிட்டால் ஒரு நாள் அம்மீட்டர் எரியும், அதன் பின்னால் வயரும் எரியும். புது செட் இவற்றைத் தீர்க்கிறது. நன்றாகவே தீர்க்கிறது.

மூல வடிவம் போய்விடுகிறதே என்று வருந்துபவர்களோடும் நான் இல்லை. அந்த வாதம் இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பிரிவு, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு உரியது. சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அதில் இடமில்லை. சிஜே3பி ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினும் பவர் ஸ்டியரிங்கும் வைத்த வண்டி அந்தக் கணக்கில் எப்போதோ விலகிவிட்டது. அதில் பஞ்சு நூல் வயர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

என் ஆட்சேபம் எர்த் பற்றியது. பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லி வருகிறேன், ஆல்டர்னேட்டர் வந்தபோதும் சொன்னேன், எல்இடி பார் வந்தபோதும் சொன்னேன்.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் மின்சாரம் விளக்கை அடைந்தால் வேலை முடிவதில்லை. அது மைனஸுக்குத் திரும்ப வேண்டும். எவ்வளவு போகிறதோ அவ்வளவும் திரும்பி வர வேண்டும். ஜீப்பில் அந்தத் திரும்பும் வழி, அதாவது எர்த், விளக்கின் கூட்டில் தொடங்கி மட்கார்டு, பாடி, சேஸ், அங்கிருந்து ஒரு பட்டை வழியாக பேட்டரி என்று நீள்கிறது. இரும்பு செம்பைவிட மட்டமான கடத்திதான். ஆனால் பாடித் தகடு அவ்வளவு அகலமாக இருப்பதால் தகட்டுக்குள் இழப்பு ஒன்றுமில்லை. இழப்பெல்லாம் இணைப்புகளில். விளக்குக்கும் மட்கார்டுக்கும் நடுவில், மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவில், பாடிக்கும் சேஸுக்கும் நடுவில். பாடி சேஸ் மேல் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினும் ரப்பரில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பட்டை இணைக்காத இடத்தில் பாதை அறுந்திருக்கிறது, அல்லது ஒரு துருப்பிடித்த போல்ட் அதைச் சுமக்கிறது.

தொழிற்சாலையில் வண்டி கட்டியபோது இது ஓரளவு ஒழுங்காக இருந்தது. வெல்டிங் புதிது, இரும்பு சுத்தம், பெயிண்ட் மெல்லியது, ஸ்டார் வாஷர் பெயிண்டைக் கீறி உள்ளே கடித்தது. இன்று ஒரு நல்ல பட்டறையில் என்ன நடக்கிறது? பாடியைத் தனியாகக் கழற்றுகிறார்கள். ஓட்டையை வெட்டித் தகடு ஒட்டுகிறார்கள், அல்லது புதிய பாடியே வாங்குகிறார்கள். உள்ளும் புறமும் எபாக்சி பிரைமர், அதன் மேல் பெயிண்ட். சேஸுக்குப் பவுடர் கோட்டிங். பழைய ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ். போல்ட் எல்லாம் புதிது, போல்ட்டின் அடியிலும் பெயிண்ட். துருவைத் தடுக்கச் செய்த இந்த ஒவ்வொரு வேலையும் மின்சாரம் திரும்பும் வழியில் ஒரு கதவை அடைக்கிறது. பெயிண்ட் வேலை எவ்வளவு நேர்த்தியோ, எர்த் அவ்வளவு மோசம். அதன் மேல்தான் புது வயரிங் செட்டை இறக்குகிறார்கள். நான் பிரித்துப் பார்த்த செட்களில் பிளஸ் பக்கத்துக்கு வண்ணம் வண்ணமாக வயர், ஒவ்வொன்றிலும் பெயர் அச்சிட்டிருக்கும். எர்த்துக்கு இரண்டு மூன்று கறுப்புத் துண்டும், ‘நன்றாக எர்த் கொடுக்கவும்’ என்று கையேட்டில் ஒரு வரியும்.

இதன் விலையைக் கணக்காகவே சொல்லிவிடலாம். இரண்டு 55 வாட் ஹாலஜன்கள் டிம்மில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அவற்றின் பொது எர்த்தில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தால் 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு சமமாக இறங்குவதில்லை. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியும் முன் இருட்டில் ஜீப்புகள் ஏறுகின்றன. அந்தக் கற்பாதையில் 30 சதவீத வெளிச்சம் என்பது அடுத்த குழி தெரிவதா தெரியாததா என்ற கேள்வி. வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்ப் மாற்றுகிறார்கள். மின்னோட்டம் கூடுகிறது, அதே கெட்ட எர்த்தில் இழப்பும் கூடுகிறது.

ஃபியூஸ் பெட்டியைப் பற்றிய பெருமைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. ஃபியூஸ் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை மட்டுமே அறியும். கெட்ட எர்த் மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. ஆகவே எந்த ஃபியூஸும் போகாது. ஐந்தில் ஒரு ஓம் தடையுள்ள ஒரு போல்ட் வழியாக 10 ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் 20 வாட் சூடு பிறக்கிறது. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பாடித் தகட்டில் சாய்த்து வைத்து, பயணம் முழுக்க எரியவிட்டதற்குச் சமம். பக்கத்தில் ஓடும் புது வயரின் உறை இளகும். உறை இளகி வயர் பாடியைத் தொட்ட பிறகுதான் ஃபியூஸ் விழித்துக்கொள்ளும். ‘புது வயரிங் போட்டும் எரிந்துவிட்டது’ என்ற புகாரோடு வண்டி வந்தால், செட் மட்டம் என்று வேறு செட் வாங்குகிறார்கள். இரண்டாவது செட்டும் அதே போல்ட்டில்தான் முடிகிறது.

எஞ்சின் மாற்றிய வண்டியில் இன்னும் மோசம். எஞ்சினிலிருந்து சேஸுக்கோ பேட்டரிக்கோ வரும் பட்டையை மறந்துவிடுகிறார்கள், அல்லது பழைய பெட்ரோல் எஞ்சினின் மெல்லிய பட்டையையே டீசலுக்கும் போடுகிறார்கள். டீசல் எஞ்சினின் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியருக்கு மேல் கேட்கும். பட்டை இல்லாவிட்டால் அந்த மின்னோட்டம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்டாப்பர் கேபிள், ஸ்பீடோ கேபிள் என்று எஞ்சினையும் பாடியையும் தொடும் எதன் வழியாகவும் போகும். கேபிள் சிவந்து, உள்ளே கிரீஸ் கருகி, பிறகு இறுகிப்போகும். பழைய பம்ப் வைத்த டீசலை அணைப்பதே ஸ்டாப்பர் கேபிளை இழுத்துத்தான். அது இறுகினால் ஓடும் எஞ்சினை வழக்கம்போல் நிறுத்த முடியாது. ஆல்டர்னேட்டரும் அதே எஞ்சின் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அதில் அரை வோல்ட் போனால் பேட்டரி ஒருபோதும் நிறையாது, பேட்டரிக் கடைக்காரருக்குத்தான் திட்டு விழும்.

பின் விளக்கில் எர்த் விட்டுப்போனால் இன்னொரு விநோதம். 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழை உள்ள பல்பில் பிரேக் இழையின் மின்சாரம் திரும்ப இடமில்லாமல் சிறிய இழை வழியாகப் பின்னோக்கி ஏறும். பகலில் பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மினுக்கும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு துடிக்கும். ஹெட்லைட் போட்டதும் டீசல் முள் நகரும். இவற்றைப் பார்த்த எந்த அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனும் முதலில் எர்த்தைத்தான் தேடுவார். புது செட் போட்ட வண்டி என்றால் மட்டும், ‘எல்லாம் புதுசாச்சே’ என்று கடைசியில் தேடுகிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம், பீப் வந்தது. அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். கொத்து வயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும், பெயிண்டைக் கீறிய ஒரு முனை மட்டும் தொட்டிருந்தாலும் பீப் வரும். அதே இழையில் 9 ஆம்பியர் ஓடினால் என்ன ஆகும் என்பதைப் பீப் சொல்லாது. இந்தச் சோதனையை நம்பி வண்டியைக் கொடுப்பது தவறு. தெரியாமல் செய்தால் பொறுக்கலாம், தொழில் தெரிந்தவர்களே செய்கிறார்கள். டெலிவரி நாளில் எல்லாம் எரிந்தது என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. புதிதாய்க் கீறிய இரும்பு அன்று பளிச்சென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் போகட்டும், செம்பு லக்கும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து செய்வதைப் பார்க்கலாம்.

கார் கம்பெனிகள் நூறாண்டாகப் பாடியைத்தானே எர்த்தாக வைக்கின்றன என்பார்கள். இன்றைய கார் ஒன்றின் வயரிங் கொத்தைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். விளக்குகளிலிருந்து தனி எர்த் வயர் கொத்துக்குள்ளேயே வந்து, குறிப்பிட்ட சில போல்ட்டுகளில் முடிகிறது. அந்த இடங்களுக்கு எண் கொடுத்து ஒர்க்‌ஷாப் மேனுவலில் படம் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் எம்பி-யில் ரேடியோ வைக்கத் தகுதியான வண்டிகளுக்கு பானட், பாடி, எஞ்சின், சேஸ் ஆகியவற்றைச் செம்புப் பின்னல் பட்டைகளால் கட்டிப்போட்டார்கள். பானட்டில் பதிவு எண்ணின் பின்னால் ‘எஸ்’ என்று எழுதி அடையாளமும் வைத்தார்கள். ரேடியோ இரைச்சலைத் தடுக்கத்தான் அது. ஆனாலும் ஒரு தகடு இன்னொரு தகட்டோடு சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதை நம்பக்கூடாது என்பது 1940-களிலேயே தெரிந்திருக்கிறது. ஆறு வோல்ட் வண்டி அது, அதே விளக்குக்கு இரட்டிப்பு மின்னோட்டம். எர்த்தை அலட்சியம் செய்திருந்தால் இரவில் ஓட்டியிருக்கவே முடியாது.

செய்ய வேண்டியது கடினமில்லை, விலையும் அதிகமில்லை. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு, ஸ்டார்ட்டருக்குப் போகும் பிளஸ் கேபிளின் அதே தடிமனில் ஒன்று. சேஸுக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று. முன்னும் பின்னும் ஒவ்வொரு எர்த் பார் வைத்து, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி வயரை அங்கே கொண்டுவர வேண்டும். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, லக்கை இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயிண்டோ அடிக்க வேண்டும். வரிசை முக்கியம், பலர் மாற்றிச் செய்கிறார்கள். விஞ்ச் வைத்திருந்தால் அதன் மைனஸ் நேராக பேட்டரிக்கே வர வேண்டும். 9,000 பவுண்டு விஞ்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியரை நெருங்கும். அதைச் சேஸ் வழியே திருப்புபவரை நான் எலக்ட்ரீஷியன் என்று சொல்ல மாட்டேன்.

மண்டி டப்வாலியில் கட்டிய ஜீப்பானாலும் புதுப்பேட்டையில் உதிரி தேடி உள்ளூரில் கட்டிய ஜீப்பானாலும் இதே கதைதான். வலைக்குழாய்க்குச் செலவிடும் நேரத்தில் பாதியை எர்த்துக்குக் கொடுத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஃபியூஸ் பெட்டியின் அழகைப் பார்த்து மதிப்பெண் போடும் நடுவர்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காதவரை இது மாறவும் மாறாது.

உங்கள் ஜீப்பைப் பட்டறையிலிருந்து எடுக்கும் நாளில் ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸ் முளையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். பிறகு ஹெட்லைட்டைப் போட்டு விளக்கின் எர்த்திலும் அதே மாதிரி பாருங்கள், அங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.