சிவப்புக்கு மேல் என்ன நிறம்?

2023 டிசம்பர் 17. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு வானிலை மையம் ‘ரெட் அலர்ட்’ கொடுத்தது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள் வந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது.

அப்புறம் சண்டை. முன்னறிவிப்பு போதவில்லை என்றது மாநில அரசு. 12-ம் தேதியே சொல்லியாச்சு என்றார் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். கட்சிகளை விடுங்கள், நிறத்தைப் பாருங்கள். ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் ‘அதி கனமழை’. அதற்கு மேல் நிறம் கிடையாது. 21-க்கும் 95-க்கும் ஒரே சிவப்பு!

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இந்தத் தலைவலி பழசு. புரோகிராம் ஓடும்போது எழுதி வைக்கும் டைரிக்கு ‘லாக்’ என்று பெயர். 1980-களில் எரிக் ஆல்மன் என்பவர் தன்னுடைய சென்ட்மெயில் புரோகிராமுக்காக உண்டாக்கிய ‘சிஸ்லாக்’கில் எட்டு படிகள். பூஜ்யம் எமர்ஜென்சி, 3 எரர், 4 வார்னிங், 7 டீபக். எட்டு இருந்து என்ன? நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் ‘எரர்’ போடுகிறார்கள். ‘செட்டிங் ஃபைல் இல்லை, பரவாயில்லை, சமாளித்துவிட்டேன்’ என்பதும் எரர். கடைசியில் டிஸ்க் நிஜமாகவே நிரம்பும்போது யாரும் படிப்பதில்லை. புலி வருது கதைதான்.

கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்டுகிற சின்ன புரோகிராமுக்கு நாலு படி தாராளம். வேலை நடக்கவில்லை, நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும்: எரர். நடந்துவிட்டது, எதற்கும் ஒரு பார்வை பாருங்கள்: வார்னிங். சும்மா தகவல்: இன்ஃபோ. எழுதியவருக்கு மட்டும் புரிவது: டீபக். இது கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது. சொல்பவரின் பதற்றத்தை அளக்காமல், கேட்பவர் செய்ய வேண்டியதை வைத்துப் படி போட வேண்டும். கூடவே எங்கே, என்ன, அடுத்து என்ன செய்வது என்று ஒரு வரி.

வானிலை மையத்தின் நிறங்களுக்கும் இப்படி அர்த்தம் உண்டு. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. சரி, யார், என்ன செயல்? மாஞ்சோலை எஸ்டேட்டுக்கும் வண்ணார்பேட்டை ஆற்றங்கரைக்கும் மாவட்டம் ஒன்று என்பதால் சிவப்பும் ஒன்று. ‘இன்று ராத்திரி கரையில் படுக்காதே, மேட்டுக்குப் போ’ என்பது நிறத்தில் வராது. அதை வார்த்தையில்தான் சொல்லணும், தெருப்பெயரோடு.

இந்த விஷயத்தில் தூத்துக்குடி துறைமுகத்தின் புயல் கூண்டு கெட்டிக்காரத்தனமானது. 1 முதல் 11 வரை எண்கள். 10 பெரும் அபாயம். 11 அதைவிடப் பெரிய புயல் என்று நினைப்பீர்கள். இல்லை. வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது, எச்சரிக்கை வராததே உச்சகட்ட எச்சரிக்கை!

அந்த டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் பல ஊர்களில் செல்போன் செத்துப்போனது. அவர்களுக்கு அப்போது எந்த அலர்ட்டும் வரவில்லை. லாக் திடீரென்று மௌனமானால் எல்லாம் நலம் என்று நினைக்கும் புரோகிராமரும், போன் அடிக்காததால் நிம்மதியாக இருக்கும் அதிகாரியும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். எத்தனை நிறம் வைத்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினோராவது கூண்டை மட்டும் மறக்காதீர்கள்.