பர்மாவை எந்த வருடத்தில் நிறுத்தினோம்?

2022 ஜூன். கல்லூரி ஜூனியர் ஒருவன் வாட்ஸாப்பில் ஓர் ஆஃபர் லெட்டர் அனுப்பியிருந்தான். "அண்ணா, இது ஓகேவா? பாத்து சொல்லுங்க." டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, தாய்லாந்து, ஊர் பெயர் மே சோட். சம்பளம் அவன் இங்கே வாங்கிக்கொண்டிருந்ததைப் போல மூன்று மடங்கு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் மாமல்லபுரத்தில், வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்து வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' படித்துக்கொண்டிருந்தேன். "சம்பளம் நல்லாத்தான் இருக்கு. கம்பெனி வெப்சைட்ட மட்டும் செக் பண்ணிக்கோ" என்று பதில் போட்டுவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். மேப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மே சோட்டை ஒட்டி மோய் ஆறும், ஆற்றுக்கு அக்கரையில் மியான்மரின் மியாவடியும் தெரிந்திருக்கும்.

பாஸ்போர்ட் தாமதமானதால் அவன் போகவில்லை. அக்டோபரில் மியாவடி மோசடி முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னையில் வந்து இறங்கியபோதுதான், நான் எதற்கு ஓகே சொன்னேன் என்று புரிந்தது. கையில் பர்மாவைப் பற்றிய புத்தகத்தை வைத்துக்கொண்டே பர்மாவை எப்படித் தவறவிட்டேன்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வருகிறது.

*

பர்மா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? தேக்கு, செட்டிநாட்டு வீடுகள், பர்மா பஜார், பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. கொஞ்சம் யோசித்தால் 1952-ல் வந்த 'பராசக்தி'. மூன்று சகோதரர்கள் ரங்கூனில் இருக்கிறார்கள், போர் வருகிறது, குணசேகரன் கப்பலேறுகிறான். படத்துக்கு பர்மா ஒரு வாசல்படி, அவ்வளவுதான். அதைத் தாண்டி சென்னைக்கு வந்தபிறகுதான் கலைஞரின் வசனம் மூச்சுவிட ஆரம்பிக்கிறது. படத்தின் சண்டை தமிழ்நாட்டோடு என்பதால் இதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாசல்படியிலேயே எழுபது வருடம் உட்கார்ந்திருப்பது நம்முடைய குறை.

சர்மாவின் புத்தகம் வேறு மாதிரி. 1942-ல் ஜப்பானியப் படை நெருங்க, மனைவியோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அனுபவம் அது. லட்சக்கணக்கானவர்கள் கிளம்பி, பல ஆயிரம் பேர் வழியிலேயே செத்துப்போன அந்தப் பெரிய இடப்பெயர்வுக்குத் தமிழில் இருக்கும் மிக முக்கியமான சாட்சியம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ' நாவலையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நல்ல புத்தகங்கள்தான். பிரச்சனை நம் வாசிப்பில் இருக்கிறது. இவற்றை நாம் 'இழந்த வீட்டின் கதை'யாக மட்டும் வாசித்தோம். வீட்டை விட்டு வந்தாயிற்று, கதை முடிந்தது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு யார் குடியேறினார்கள் என்று கேட்கவில்லை.

குடியேறியது ராணுவம்.

1962 மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. அதே வருடம் மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. இந்திய வம்சாவளியினர் சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 1.44 லட்சம். இருந்தும், 1942-க்கு ஒரு சர்மா கிடைத்ததுபோல 1964-க்கு நான் வாசித்தவரை யாரும் கிடைக்கவில்லை.

அப்படி எழுதுவது சங்கடம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 1942-ல் நாம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமே. 1964-ஐ எழுதினால் கணக்கு வழக்கைத் திறக்க வேண்டும். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் நின்றது, அடமானம் மூழ்கியது. செட்டியார் திட்டமிட்டு நிலத்தைப் பிடுங்கினார் என்று சொல்வது எளிமைப்படுத்தல்தான், அவருக்கு வேண்டியிருந்தது வட்டி, வயல் அல்ல. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு இந்த விளக்கத்தால் என்ன பிரயோஜனம்? அந்தக் கோபம் நியாயமானது. ராணுவம் அதைத்தான் மூலதனமாக்கியது.

பிறகு அதே விவசாயிக்கு என்ன கிடைத்தது? அந்நியரிடமிருந்து மீட்ட கடைகள் அரசுக் கடைகளாகிக் காலியாகக் கிடந்தன, கள்ளச்சந்தை வளர்ந்தது. 1987-ல் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாதவையாயின. ஒன்பதால் வகுபடும் 45-ம் 90-ம் புதிதாகப் புழக்கத்துக்கு வந்தன, நே வின்னுக்கு ஒன்பது ராசியான எண் என்றார்கள். அடுத்த வருடம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டார்கள். அதன்பின் ராணுவமே வங்கி, பீர், சுரங்கம் என்று கம்பெனிகள் நடத்த ஆரம்பித்தது. 'அந்நியனை விரட்டினோம்' என்ற கதை, கல்லாப்பெட்டி கைமாறிய கதையாக முடிந்தது. தமிழில் ஒரு நாவலாசிரியர் இந்த இரண்டு கதைகளையும் ஒரே குடும்பத்துக்குள் வைத்து எழுதியிருக்கலாம். அமிதாவ் கோஷ் ஆங்கிலத்தில் 'தி கிளாஸ் பேலஸ்' நாவலை 1942-ல் நிறுத்தாமல் 1996-ன் ரங்கூன் வரைக்கும் கொண்டுபோனார். நம் வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டிகளுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

*

"அதெல்லாம் பழசு, இப்போ நமக்கும் மியான்மருக்கும் என்ன?" என்று கேட்கலாம். காலையில் சாப்பிட்ட இட்லியில் இருந்து தொடங்குவோம். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரிலிருந்து வருகிறது. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மறுபடி ராணுவப் புரட்சி. ஜூன் மாதம், ராணுவத்தைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அதே மாதத்தில், வருடத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க ஒப்பந்தமும் ஆனது. புரட்சிக்குப் பின் ராணுவத்துக்குப் போன ஆயுதம், உதிரிபாகங்களை ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023-ல் கணக்கெடுத்தபோது ரஷ்யாவிலிருந்து 406 மில்லியன் டாலர், சீனாவிலிருந்து 267, இந்தியாவிலிருந்து 51.

நான் உட்கார்ந்திருந்த அந்தப் பாறையின் முன்னால்தான் 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் கை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து ஷி நேபிடோவில் இருந்தார், சியாவ்க்பியூ ஆழ்கடல் துறைமுகம் உட்பட ஒப்பந்தங்களோடு. அங்கிருந்து யுன்னானுக்கு ஏற்கெனவே எண்ணெய்க் குழாய் ஓடுகிறது. அதே கரையில் சிட்வேயில் இந்தியா கட்டிய துறைமுகம். அதிலிருந்து மிசோரம் போகும் வழியிலுள்ள பலேத்வா நகரம் 2024 ஜனவரியில் அரக்கான் ஆர்மி கைக்குப் போனது. மாமல்லபுரத்தில் நாம் செல்ஃபி எடுக்கும் அதே வங்கக் கடலின் இன்னொரு கரைதான் இது.

மியாவடி இந்தப் படத்துக்கு வெளியே இல்லை. உள்நாட்டுப் போரில் சட்டம் செல்லாத எல்லைப் பகுதி, ராணுவத்தோடு கூட்டு வைத்த உள்ளூர் ஆயுதப் படை, சீனக் குற்றக் கும்பல்களின் பணம் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த முகாம்கள். அங்கே ஆள் தேவை: ஆங்கிலம் தெரிந்த, டைப் அடிக்கத் தெரிந்த, வேலை தேடும் ஆள். அதாவது, நாங்கள். 2025 மார்ச்சில் மட்டும் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்பினார்கள். ஒருகாலத்தில் வட்டிக்கடைக்கு ஆள் அனுப்பிய நாம், இப்போது மோசடிக்கடைக்கு அனுப்புகிறோம்.

*

சர்மாவுக்கு இன்னொரு முகம் உண்டு. ரங்கூனில் இருந்தபடி 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர் அவர். ஹிட்லர், முசோலினி, அபிசீனியா, பாலஸ்தீனம் என்று அந்தந்த நேரத்து உலகத்தை உடனுக்குடன் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர். தமிழ் வாசகனுக்கு உலக அரசியல் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. அந்த சர்மாவை விட்டுவிட்டு, நடந்து களைத்த சர்மாவை மட்டும் வைத்துக்கொண்டோம். கண்ணீர் விட அது வசதியாக இருந்தது.

ஜூனியர் இப்போது சிறுசேரியில்தான் வேலை பார்க்கிறான். போன மாதம் அவனிடம் சர்மாவின் புத்தகத்தைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு தாளில் நானே பென்சிலால் ஒரு மேப் வரைந்து வைத்திருந்தேன். மோய் ஆறு, இந்தப் பக்கம் மே சோட், அந்தப் பக்கம் மியாவடி. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இவ்ளோ பக்கமா அண்ணா?"

ஆமாம் என்றேன். அன்று நான் ஓகே சொன்னதைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை.