கேள்வியை எழுதும் கை

2016 நவம்பர் தேர்தலுக்காகக் கலிஃபோர்னிய வாக்காளர்களின் வீடுகளுக்கு அரசு அனுப்பிய கையேடு 224 பக்கம். அதிபரைத் தேர்ந்தெடுப்பதோடு எங்கள் வேலை முடியவில்லை. மாநில அளவில் மட்டும் 17 முன்மொழிவுகளுக்கு ஆம், இல்லை என்று குறிக்க வேண்டியிருந்தது. மரண தண்டனையை ஒழிக்க ஒன்று, அதை விரைவுபடுத்த இன்னொன்று, இரண்டும் ஒரே சீட்டில். கஞ்சா, பிளாஸ்டிக் பை, மருந்து விலை என்று பட்டியல் நீண்டது. சட்டமன்றம் மாதக்கணக்கில் அலச வேண்டியவற்றை, வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறோம். இந்த முறையை மதிக்கிறேன். அதே சமயம் அது பழுதுபட்டிருப்பதும் தெரிகிறது. வாக்காளருக்கு விவரம் போதாது என்பதே பலர் சொல்லும் குறை. எனக்கு அது முதன்மையான குறையாகப் படவில்லை.

இதன் பிறப்பில் நியாயம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவின் அரசியல் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பிடியில் கிடந்தது. அதை உடைப்பேன் என்று சொல்லி ஆளுநரான ஹைரம் ஜான்சன், மக்களே சட்டம் முன்மொழியும் உரிமையை 1911 அக்டோபரில் வாக்கெடுப்பின் மூலம் கொண்டுவந்தார். கலிஃபோர்னியப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அதே நாளில்தான்.

தங்கள் நாற்காலி சம்பந்தப்பட்ட விஷயத்தில் சட்டமன்ற உறுப்பினர்கள் நடுநிலையாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தொகுதி எல்லை வரைவது அப்படிப்பட்டது. 2008இல் 11ஆம் முன்மொழிவு அந்த வேலையை அவர்களிடமிருந்து பறித்து, 14 சாதாரணக் குடிமக்கள் கொண்ட குழுவிடம் கொடுத்தது. ஐந்து ஜனநாயகக் கட்சியினர், ஐந்து குடியரசுக் கட்சியினர், இரண்டிலும் சேராத நான்கு பேர். எந்தச் சட்டமன்றமும் தானாக இதைச் செய்திருக்காது. டெக்சஸ் தன் தொகுதி எல்லைகளை ஒரு கட்சிக்குச் சாதகமாக மாற்றியபோது, பதிலடியாக, நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு அந்தக் குழு வரைந்ததைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க 2025 நவம்பரில் இங்கே மக்கள் இசைந்தார்கள். அந்த முடிவு என்னை இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் இங்கே மக்களைக் கேட்காமல் அதைச் செய்ய முடியவில்லை. டெக்சஸில் வாக்காளரை யாரும் கேட்கவில்லை.

பெரும்பான்மைக்குக் கேள்வியைக் கொடுத்தால் சிறுபான்மையின் உரிமையும் கேள்வியாகிவிடும் என்பதற்கு 1964 சாட்சி. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று முந்தைய ஆண்டு இயற்றிய சட்டத்தை அன்றைய 14ஆம் முன்மொழிவு செல்லாததாக்கியது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் அதை ரத்து செய்தது. ஃப்ரீமாண்டிலும் சான் ரமோனிலும் வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழர்கள் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

மக்கள் தவறாகவே தீர்ப்பளிக்கிறார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட மாட்டேன். 1978இன் 13ஆம் முன்மொழிவையே பாருங்கள். வீட்டு விலை ஏற ஏற சொத்து வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள் வீட்டையே இழப்போமோ என்று அஞ்சினார்கள். கருவூலத்தில் பெரும் உபரி இருந்தும் சட்டமன்றம் காலம் கடத்தியது. ஹவர்ட் ஜார்விஸ் முன்னின்று நடத்திய அந்த முன்மொழிவு ஏறத்தாழ 65 சதவீத ஆதரவுடன் வென்றதில் வியப்பில்லை. வரி மதிப்பில் 1 சதவீதம்தான். வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அச்சம் உண்மையானது, நிவாரணமும் தேவைப்பட்டது. ஆனால் அந்தக் காப்பு முதியவரின் வீட்டோடு நிற்காமல் அலுவலகக் கட்டடங்களையும் வணிக வளாகங்களையும் சேர்த்தே காத்தது. ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடுகள். நேற்று வாங்கிய இளம் குடும்பம், பல ஆண்டுகளாக இருப்பவரைப் போலப் பல மடங்கு வரி கட்டுகிறது. பள்ளிகளுக்கான பணம் உள்ளூர்க் கையிலிருந்து மாநிலத்தின் கைக்குப் போனது. வணிகச் சொத்துகளை மட்டும் பிரித்தெடுக்க 2020இல் நடந்த முயற்சியும் தோற்றது. 13ஆம் முன்மொழிவை அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டதால் சட்டமன்றம் அதில் கைவைக்க முடியாது.

சாதாரணச் சட்டமாக வந்தாலும் பூட்டு விழுகிறது. முன்மொழிவே அனுமதித்தால் ஒழிய, மக்களிடம் திரும்பப் போகாமல் அதைத் திருத்த முடியாது. 2020இன் 22ஆம் முன்மொழிவு ஊபர், லிஃப்ட் போன்ற நிறுவனங்களின் ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருத வேண்டியதில்லை என்றது. நிறுவனங்கள் 200 மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்தன. திருத்த வேண்டுமானால் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு வாக்கு வேண்டும் என்றும் அவர்களே எழுதிக்கொண்டார்கள். ஒரு சட்டத்தை முன்மொழிய இன்று 5.46 லட்சம் செல்லுபடியாகும் கையெழுத்துகள் வேண்டும். கடை வாசலில் கூலிக்கு ஆள் நிறுத்தாமல் அது நடப்பது அரிது. ரயில் நிறுவனத்துக்கு எதிராகப் பிறந்த கருவியை இன்று எளிதில் கையாளக்கூடியவை பெரிய நிறுவனங்களே.

இதைச் சீர்செய்ய 2014இல் ஒரு சட்டம் வந்தது: கையெழுத்து சேர்ந்த பிறகும் முன்மொழிந்தவர்கள் அதை விலக்கிக்கொள்ளலாம், சட்டமன்றத்தோடு பேசித் தீர்க்கலாம். நல்ல நோக்கம். 2018இல் குளிர்பானத் தொழில், உள்ளூர் வரிகளை விதிப்பதையே கடினமாக்கும் ஒரு முன்மொழிவைத் தகுதிபெறச் செய்தது. நகராட்சிகள் நடுங்கின. அதை விலக்கிக்கொள்வதற்கு விலையாக, 2030 வரை எந்த ஊரும் குளிர்பானத்துக்குப் புதிய வரி போடக்கூடாது என்ற சட்டத்தில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். வாக்காளர் அந்தக் கேள்வியைச் சீட்டில் பார்க்கவே இல்லை. எனக்கு மிகவும் கோபம் தருவது இதுதான்: ஆம், இல்லை என்று சொல்லும் உரிமை எங்களிடம் இருக்கிறது, கேள்வியை எழுதும் உரிமையும் அதைப் பேரம் பேசும் உரிமையும் பணத்திடம் இருக்கின்றன.

முறையை ஒழிக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பூட்டைத் தளர்த்தினால் போதும். சில ஆண்டுகள் கழித்து, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு சட்டமன்றம் முன்மொழிவுச் சட்டங்களைத் திருத்த வழி வேண்டும். அரசியலமைப்பை மாற்ற எளிய பெரும்பான்மை போதும் என்ற நிலையும் மாற வேண்டும். ஃப்ளோரிடாவில் 60 சதவீதம் தேவை. அங்கே 2024இல் கருக்கலைப்பு உரிமைக்கான முன்மொழிவு 57 சதவீதம் பெற்றும் தோற்றது; நானாக இருந்தால் அதை ஆதரித்திருப்பேன். அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் இதைக் கேட்கிறேன்.