முகமும் மொழியும்: தலைவர் உருவம் தாங்கிய பணத்தாள், நாணயப் பனுவல்கள் பற்றி ஒரு மதிப்பீடு

பணத்தாளையும் நாணயத்தையும் பொருளியலாரும் வரலாற்றாசிரியரும் நாணயவியலாரும் பலவாறு ஆராய்ந்துள்ளனர். அவற்றைப் பனுவலாகக் கொண்டு மொழியியல் நோக்கில் ஆராய்ந்தோர் சிலரே. தேசத் தலைவர் ஒருவரின் உருவத்தை ஒட்டி எந்த மொழி நிற்கிறது, எந்த வரிசையில் நிற்கிறது, அது சொல்வது முழு வாக்கியமா வெறும் பெயர்த்தொடரா என்னும் வினாக்கள் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியவை. அழகியல் நோக்கில் தாளின் வடிவமைப்பைப் பாராட்டுவோர் இவ்வினாக்களை எழுப்புவதில்லை. இந்தியத் தாள்களையும் காசுகளையும், அவற்றோடு ஒப்பிடத்தக்க மொரீசியசுத் தாள்களையும் வைத்து இவற்றை இங்கு நோக்கலாம்.

விடுதலைக்குப் பின் அரசர் உருவத்தின் இடத்தில் காந்தியடிகளின் உருவத்தை இடும் எண்ணம் தொடக்கத்தில் இருந்தது. அதற்கான வரைவுகளும் உருவாயின. இறுதியில் சாரநாத்துச் சிங்கமுகத் தூண் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1949இல் ஒரு ரூபாய்த் தாளில் இடம் பெற்றது. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969இல் சேவாகிராமப் பின்னணியில் அமர்ந்த நிலையில் அவர் தாளில் தோன்றினார். 1987இல் 500 ரூபாய்த் தாளிலும், 1996இல் வந்த தொடர் வழியாகப் பிற மதிப்புகளிலும் அவர் உருவமே நிலைபெற்றது. 2016இன் புதிய தொடரும் அதனை மாற்றவில்லை. ஒரே முகம் என்னும் இந்த முடிவால், எந்த மாநிலத்தவர், எந்த மொழியினர் என்ற பூசல் முகத்தைப் பொறுத்தவரை எழ இடமில்லாமல் போயிற்று. மொழியைப் பொறுத்தவரை அவ்வாறு தப்பிக்க இயலவில்லை.

மொழிச் சிக்கல் முகத்துக்கு முன்பே தாளில் நுழைந்துவிட்டது. 1953இல் புதிய தாள்களில் இந்தி முதன்மையாக இடம் பெற்றபோது, ‘ருபயா’ என்பதன் பன்மை வடிவம் யாது என்பது விவாதப் பொருளாகி, ‘ருபயே’ என்பதற்குச் சார்பாக முடிவாயிற்று. தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணுப்பெயரை அடுத்து வரும் அஃறிணைப் பெயர் பன்மை விகுதி ஏற்க வேண்டுவதில்லை. ‘நூறு ரூபாய்’ என்றால் போதும். ஆயினும் தமிழுக்குத் தொல்லை இல்லாமற் போனதற்கு இலக்கணம் மட்டுமே காரணம் அன்று. தமிழுக்குச் சொல்லக் கிடைத்தது அவ்வளவே என்பதும் காரணம்.

தாளின் நடுவே அமைந்த வாக்கியத்தைக் கருதுக. தாளைக் கொணர்பவருக்கு இன்ன தொகை தர வாக்களிக்கிறேன் என்னும் அந்த உறுதிமொழி, ஆஸ்டின் விளக்கிய நிகழ்த்து வினைக்குப் பாடநூலில் காட்டத்தக்க எடுத்துக்காட்டு. சொல்வதே செயலாகும் வகை அது. இச்செயல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நிகழ்கிறது. மறுபுறத்து மொழிப்பட்டியில் உள்ள 15 மொழிகளும் தொகையின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகின்றன. அங்கே வினை இல்லை. தன்மை இடம் இல்லை. ‘இந்தியத் தாளில் 17 மொழிகள்’ என்று பெருமையாகக் கூறப்படுவது எண்ணிக்கை அளவில் சரியே. ஆனால் அவற்றுள் இரண்டு வாக்களிக்கின்றன, பதினைந்து பெயரிடுகின்றன. ஒரு பனுவலில் ஒரு மொழி இடம் பெறுவதும், அம்மொழியில் அப்பனுவலின் செயல் நிகழ்வதும் வேறு வேறு என்பதை மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர்.

‘நான்’ என்று இங்கே கூறுபவர் யார் என்பதும் எளிய வினா அன்று. சட்டப்படி அது ரிசர்வ் வங்கி ஆளுநர். அவர் கையொப்பம் கீழே உள்ளது. ஆனால் 1996 முதல் தாளைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது காந்தியடிகளின் முகம். தன்மைச் சுட்டுக்கு உரியவர் ஒருவராகவும், பார்வைக்கு எதிர்ப்படுபவர் இன்னொருவராகவும் அமைந்த இந்நிலையில், வாக்குறுதி அம்முகத்திலிருந்து வருவது போன்ற தோற்றம் எழுகிறது. இது திட்டமிட்டதோ அன்றோ, தாளின் நம்பகத்துக்கு உதவும் தோற்றம். இந்தி வடிவத்தின் ‘வசன் தேதா ஹூம்’ என்னும் முடிவு ஆண்பால் வினை. இதுவரை ரிசர்வ் வங்கிக்குப் பெண் ஆளுநர் அமையாமையால் இதனைத் திருத்த வேண்டிய தேவை நேரவில்லை. தமிழில் எழுதியிருந்தால் அத்தேவை என்றுமே நேராது. நம் தன்மை வினைமுற்று பால் காட்டுவதில்லை.

எழுதுவது எப்படி? ‘இதனைக் கொணர்பவருக்கு நூறு ரூபாய் அளிக்க உறுதி கூறுகிறேன்’ என்பது ஒரு வடிவம். ‘உடையவருக்கு’ என்றால் உரிமையைக் குறிக்கும். சட்டம் கருதுவது உரிமையை அன்று, கையில் கொண்டிருத்தலை. ‘வைத்திருப்பவருக்கு’ என்பது பேச்சுக்கு இயல்பாயினும் சட்டத் தொனி குறைவு. இந்தியின் ‘தாரக்’ வடமொழி வேரால் இச்சிக்கலைக் கடந்துவிட்டது. காசோலை வழக்கில் பழகிவிட்ட ‘கொணர்பவர்’ என்பதே தமிழுக்குப் பொருந்தும். பதினைந்து மொழிகளிலும் இவ்வாக்கியத்தை அச்சிட இடம் ஏது என்ற மறுப்பு நேர்மையானதே. எனினும் இடமின்மை என்பது நடுநிலையான காரணம் அன்று. இருக்கும் இடம் எவ்வாறு பகிரப்பட்டது என்ற கேள்வி அதற்குப் பின்னும் எஞ்சும்.

இங்கே ஒரு விந்தை குறிப்பிடத்தக்கது. ஒரு ரூபாய்த் தாள் ரிசர்வ் வங்கியுடையது அன்று. மைய அரசுடையது, நிதித்துறைச் செயலர் கையொப்பமிடுவது. அதில் வாக்குறுதி வாக்கியம் இல்லை. 2015இல் மீண்டும் வெளிவந்த அத்தாளில் காந்தியடிகளின் உருவமும் இல்லை. தலைவர் முகமும் உறுதிமொழியும் இல்லாத அந்தச் சிறு தாளில்தான் எல்லா மொழிகளும் ஒரே வேலையைச் செய்கின்றன: மதிப்பைச் சொல்லுதல்.

மொழிப்பட்டியின் வரிசை அகரவரிசை என்பர். எந்த மொழியின் அகரவரிசை என்று கேட்பதில்லை. அசாமியில் தொடங்கி உருதில் முடியும் அது, மொழிகளின் ஆங்கிலப் பெயர்களை ஆங்கில நெடுங்கணக்கில் அடுக்கிய வரிசை. அதன்படி வங்காளி 2ஆம் இடத்திலும், தமிழ் 13ஆம் இடத்திலும், உருது கடைசியிலும் வருகின்றன. இதே 15 பெயர்களைத் தேவநாகரி முறைப்படி அடுக்கினால் உருது 2ஆம் இடத்துக்கு ஏறும். வங்காளி 12ஆம் இடத்துக்கு இறங்கும். தமிழ் 8ஆம் இடத்தில் சரியாக நடுவில் நிற்கும். ஒரியா என்பது 2011இல் சட்டப்படி ஒடியா ஆனபோது, இரண்டும் ஒரே உரோமன் எழுத்தில் தொடங்கியமையால் வரிசை குலையவில்லை. வரிசையை ஆங்கிலத்திடம் ஒப்படைத்ததன் பயன், அதனைப் பற்றி எவரும் சண்டையிடாமை. எட்டாம் அட்டவணையின் போடோ, டோக்ரி, மைதிலி, மணிப்புரி, சந்தாலி, சிந்தி ஆகிய ஆறும் பட்டியிலேயே இல்லை என்பது வரிசையினும் பெரிய குறை. அதைப் பற்றிய பேச்சும் அரிதே.

வரிசைக்காகச் சண்டையிட்ட நாடு மொரீசியசு. அங்கே முகங்களும் பல. 1998 நவம்பரில் மொரீசியசு வங்கி 25 முதல் 2000 ரூபாய் வரை ஏழு மதிப்புகளில் ஒருசீரான புதிய தாள்களை வெளியிட்டது. 25இல் சீன வழியினரான மொய்லின் ழான் ஆ-சுவன், 50இல் பிரெஞ்சு வழியினரான மோரீசு பத்துரோ, 100இல் தமிழரான ரெங்கநாதன் சீனிவாசன், 200இல் முசுலிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 500இல் சுக்தேவ் பிசுந்தயால், 1000இல் கிரியோல் மக்களின் தலைவர் கயெத்தான் துவால், 2000இல் விடுதலைக்குத் தலைமை தாங்கிய சிவசாகர் ராம்குலாம். எழுவரும் அப்போது மறைந்துவிட்டவர்கள். முந்தைய தொடரின் 20 ரூபாய்த் தாளில் அக்காலப் பிரதமரின் துணைவியார் உருவம் இருந்ததை நினைவிற் கொண்டால் இது எவ்வளவு கவனமான தேர்வு என்பது விளங்கும். நாட்டின் சமூகங்கள் ஏறத்தாழ அனைத்துக்கும் ஒரு முகம் என்பது கணக்கு.

அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. காரணம் முகங்கள் அல்ல. முந்தைய தாள்களில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்றிருந்த வரிசை புதிய தாள்களில் ஆங்கிலம், இந்தி, தமிழ் என மாறியிருந்தது. தமிழர் பொதுவெளியில் திரண்டு எதிர்த்தனர். தம் முன்னோர் வட இந்தியருக்கு முன்பே அத்தீவுக்கு வந்தவர் என்பது அவர்கள் வாதம். 1735இல் ஆளுநரான லா பூர்தொனே போர்ட் லூயி நகரை எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞரை வரவழைத்தார். ஒப்பந்தக் கூலிகளாகப் பீகார் மக்கள் பெருந்தொகையாக வந்தது 1834க்குப் பின். ஆகவே வாதத்துக்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1999 சூனில் அதே ஏழு முகங்களுடன், பழைய வரிசைக்குத் திரும்பிய தாள்கள் வந்தன.

முகங்களின் பகிர்வு கலகத்தை எழுப்பாமல், இரு வரிகளின் இடமாற்றம் எழுப்பியது ஏன்? முகங்களுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. 25க்கும் 2000க்கும் உள்ள தொலைவு சிறிதன்று. ஆனால் ஒரு தாளில் ஒரு முகமே தோன்றும். இரு முகங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக எங்கும் நிற்பதில்லை. மொழிகளோ ஒவ்வொரு தாளிலும் சேர்ந்தே நிற்கின்றன, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக. எழுத்து நேர்கோட்டில் செல்வது. இரண்டு தொடர்களை ஒரே இடத்தில் எழுத முடியாது. பேச்சில் முன்பின் என்பது காலம் மட்டுமே. எழுத்தில் அது இடமாகி, இடம் தகுதியாகிறது. இதனை அற்பப் பூசல் என்று அன்று எள்ளியோரும் இன்று எள்ளுவோரும் எழுத்தின் இவ்வியல்பை மறந்தவர்கள்.

எனினும் அப்பூசலில் முரண் ஒன்று உண்டு. அத்தீவில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழும் அன்று, இந்தியும் அன்று, கிரியோல். அது தாளில் இல்லை. சண்டையிட்ட இரு மொழிகளும் ‘மூதாதையர் மொழி’ என்னும் தகுதியில் நிற்பவை. பேசாத மொழிக்கு இவ்வளவு உணர்ச்சி ஏன் என்று வியப்பது பொருந்தாது. பேசப்படும் மொழிக்குத் தெருவும் சந்தையும் வீடும் இடம் தருகின்றன. மூதாதையர் மொழிக்குக் கோயிலும் பள்ளியும் தவிர இத்தகைய இடங்களே எஞ்சுகின்றன. தமிழ்நாட்டுப் பேருந்துச் சீட்டில்கூடக் காணக் கிடைக்காத தமிழ் எண்ணுருக்கள் அத்தாள்களில் வாழ்வது இதனாலேதான்.

100 ரூபாய்த் தாளின் சீனிவாசனார் பெயர் தனியே நோக்கத்தக்கது. 1958இல் மறைந்த அவ்வழக்கறிஞர் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். அவர் பெயர் வழங்குவது உரோமன் எழுத்தில். அத்தாளின் தமிழுக்குத் தொகையைச் சொல்லும் வேலையே உண்டு. முதற்பெயரின் தொடக்கம் ‘ரங்க’ அன்று, ‘ரெங்க’; பேச்சுத் தமிழின் உயிர்த்திரிபு அப்படியே பதிவாகியுள்ளது. இரண்டாம் பெயரில் ஈகாரத்துக்கு ‘இ’ எனப் பலுக்கும் உரோமன் எழுத்தை இரட்டித்திருப்பது ஆங்கில வழக்கு. உயிரிடைச் சகரத்துக்கு ‘எஸ்’ எழுத்தை இரட்டித்திருப்பது பிரெஞ்சு வழக்கு, ஏனெனில் ஒற்றையாக எழுதினால் பிரெஞ்சில் அது ‘இசட்’ ஒலி பெறும். இரண்டு ஆட்சிகளின் எழுத்து முறையும் பேச்சுத் தமிழின் ஒலியும் ஒரே பெயரில் படிந்துள்ளன. இதனைத் தமிழில் எழுதுவோர் ‘ரங்கநாதன் சீனிவாசன்’ எனத் திருத்தி எழுதினால் அப்படிவு அழியும். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் தமிழர் பெயர் என்றே தோன்றாது. முதற்பெயரில் ‘ரெங்க’ என்பதைக் காத்து, ஈற்றைத் தமிழ் மரபில் முடிப்பது தக்கது.

இந்தியக் காசுகளில் முகங்கள் பல, மொழிகள் இரண்டே. 1964இல் நேருவின் உருவத்துடன் வந்த 50 காசு, பெயரை இந்தியில் பொறித்தும் ஆங்கிலத்தில் பொறித்தும் இரு வகையாக வெளியிடப்பட்டது. வரிசைச் சிக்கலுக்கு அதனினும் முழுமையான தீர்வு இல்லை. ஆனால் இரு மொழிக்கு மேல் அது தாங்காது. காமராசர் நூற்றாண்டுக் காசிலும் பெயர் அவ்விரு மொழிகளிலேயே, மக்கள் சேர்த்த ‘அர்’ விகுதி இன்றி நிற்கிறது.

2009இல் அண்ணா நூற்றாண்டுக் காசில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அவருடைய தமிழ்க் கையொப்பம் உருவத்துடன் பொறிக்கப்பட்டது. பெயரைத் தமிழில் எழுதுவது மொழிக்கொள்கைக்கு உட்பட்ட செயல். கையொப்பத்தை இடுவது உருவத்தின் ஒரு பகுதி. முகத்தை எவரும் மொழிபெயர்ப்பதில்லை, கையொப்பத்தையும் அவ்வாறே. மொழியாக நுழைய முடியாத தமிழ், உருவமாக நுழைந்தது. நல்ல மொழிபெயர்ப்பாளர் கையாளும் உத்தி இது: பெயர்க்க இயலாத இடத்தில் மூலத்தையே வைத்தல்.

2024இல் கலைஞர் மு. கருணாநிதி நூற்றாண்டை ஒட்டி வந்த 100 ரூபாய்க் காசில் ‘தமிழ் வெல்லும்’ என்னும் தொடர் பொறிக்கப்பட்டது. பதினைந்து மொழிகளுள் ஒன்றாகத் தாளில் பெயர்த்தொடரோடு நின்ற தமிழுக்கு இங்கே வினைமுற்று கிடைத்தது. காசின் மறுபுறத்தில் சிங்கமுகத்தின் கீழ் ‘சத்யமேவ ஜயதே’ உள்ளது. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் அதன் தமிழ் ‘வாய்மையே வெல்லும்’. ஆகவே காசின் இருபுறமும் ஒரே வினை, இரு மொழிகளில், இரு எழுவாய்களுடன். வடமொழியின் ‘ஏவ’வும் முத்திரைத் தமிழின் ஏகாரமும் பிரிநிலைப் பொருள் தருபவை: வாய்மைதான், பிறிதன்று. காசின் தமிழில் அந்த ஏகாரம் இல்லை. தமிழே வெல்லும் என்றிருந்தால் பிற மொழிகளை விலக்கும் கூற்றாகியிருக்கும். ஏகாரத்தை விட்டமையால் தோற்பவர் எவரையும் சுட்டாத கூற்றாக நிற்கிறது. ‘வெல்லும்’ என்னும் வடிவம் செய்யும் என்னும் முற்றாகவும் பெயரெச்சமாகவும் நிற்க வல்லது. இங்கே அடுத்துப் பெயர் இல்லாமையால் முற்றாகிறது. அண்ணா உருவம் பொறித்த 5 ரூபாய்க் காசு கடைகளில் சில்லறையாகப் புழங்கியது. இந்த 100 ரூபாய்க் காசு புழக்கத்துக்கு விடப்படாத நினைவுக் காசு. சேகரிப்போர் பேழைகளில் உள்ளது.