பக்கத்து வீட்டு அடிபம்பு

டாக்காவுக்குக் கிழக்கே, நாராயண்கஞ்ச் மாவட்டத்தில், அராய்ஹஜார் என்றொரு வட்டாரம். நெல்லும் நெசவும் அங்கே பிழைப்பு. 2000ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் வான் கீனும் வங்கதேச ஆய்வாளர்களும் அந்த வட்டாரத்தில் 25 சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் ஏறத்தாழ 6,000 அடிபம்புகளின் நீரைச் சோதித்தார்கள். பாதிக்குப் பாதி பம்புகளில் ஆர்சனிக் அரசு வரம்பைத் தாண்டியிருந்தது. நல்ல பம்புக்கு ஒரு நிறமும் கெட்ட பம்புக்கு ஒரு நிறமும் கொடுத்து வரைபடத்தில் குறித்தபோது, கம்பும் கேழ்வரகும் கலந்து சிந்தியதுபோல் இரண்டும் கலந்து கிடந்தன. ஒரு வீட்டு முற்றத்தில் நஞ்சு. வேலிக்கு அப்பால் நல்ல தண்ணீர். அந்த மக்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு நல்ல பம்பு ஒன்று 100 மீட்டருக்குள்ளேயே இருந்தது.

வங்கதேச ஆர்சனிக் பற்றி மண்ணியல், வேதியியல், மருத்துவம், பொறியியல், பொருளியல், மானுடவியல் என்று எல்லாத் துறையிலும் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. ஒரு துறையின் கட்டுரைகளை மட்டும் படித்தால் விஷயம் முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். சேர்த்துப் படிக்கையில் அந்த நூறு மீட்டர் திரும்பத் திரும்ப எதிரே வருகிறது. அவ்வளவு குறுகிய தூரத்தில் மண்ணுக்கடியில் எது மாறுகிறது என்று மண்ணியலாளர் கேட்கிறார். அதே தூரத்தைக் குடத்தோடு கடப்பதில் ஒரு பெண்ணுக்கு என்ன தயக்கம் என்று சமூகவியலாளர் கேட்கிறார். இரண்டையும் ஒருசேரக் கேட்டவர்கள்தான் இந்தத் துறையில் உருப்படியான எதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு.

பின்கதை பலருக்குத் தெரிந்ததுதான். குளத்து நீரைக் குடித்துக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் மடிந்த நாட்டில், 1970களிலிருந்து யுனிசெஃப் உதவியோடு குழாய்க் கிணறுகள் இறங்கின. அரசு தொடங்கியதை மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டுப் பெருக்கினார்கள். 1990களின் இறுதிக்குள் கிராமங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடித்தது பம்புத் தண்ணீர். அப்போது அது வளர்ச்சித் துறையின் வெற்றிக் கதை.

தோல் மருத்துவர்கள் கண்ணில்தான் நஞ்சு முதலில் பட்டது. 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கே. சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமத்தார் சிலரின் மார்பில் மழைத்துளி தெறித்ததுபோன்ற கரும்புள்ளிகளையும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காய்த்துத் தடித்த தோலையும் கண்டு, ஆர்சனிக் என்று இனங்கண்டார். சில ஆண்டுகளில் எல்லைக்கு அப்பாலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். வங்கதேசத்திலேயே கிணற்று நீரில் அது உறுதியானது 1993இல். அதற்கு ஓராண்டு முன்புதான் பிரிட்டிஷ் மண்ணியல் ஆய்வகம் அங்குள்ள கிணற்று நீரைப் பலவித தனிமங்களுக்குச் சோதித்து அறிக்கை தந்திருந்தது. ஆர்சனிக் அந்தப் பட்டியலில் இல்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் அதற்காகத் தொடுத்த வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போய், 2006இல் தள்ளுபடியானது. சொல்லாததற்குப் பொறுப்பேற்கும் கடமை அந்த நிறுவனத்துக்கு இல்லை என்று தீர்ப்பு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எதைத் தேடவேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு போகும் ஆய்வின் ஆபத்தைக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதே ஆய்வகம் பின்னர் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையோடு சேர்ந்து 3,534 கிணறுகளைச் சோதித்து 2001இல் வெளியிட்ட அறிக்கைதான் இன்றும் அடிப்படை ஆவணம். 150 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வங்கதேச வரம்பையும், 46 சதவீதம் உலக சுகாதார நிறுவனத்தின் 10 மைக்ரோகிராம் வரம்பையும் தாண்டியிருந்தன. ஆழமான கிணறுகளில் வங்கதேச வரம்பைத் தாண்டியவை நூற்றுக்கு ஒன்றுதான். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஆழ வேறுபாடே அச்சாணி.

நஞ்சு எங்கிருந்து வந்தது? இமயத்தின் பாறை சிதைந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துவந்து போட்ட வண்டல் அந்த நாடு. பாறையில் இருந்த ஆர்சனிக், மணல் துகள்மேல் படிந்த இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்படியே கிடந்தால் யாருக்கும் கெடுதலில்லை. வண்டலோடு புதைந்த தழையும் வேரும் மட்கும்போது அங்கிருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் வாழும் நுண்ணுயிரிகள் இரும்புத் துருவைக் கொண்டு சுவாசிக்கின்றன. துரு கரைகிறது, அதைப் பற்றியிருந்த ஆர்சனிக் நீரில் இறங்குகிறது. 1998இல் ராஸ் நிக்சன், ஜான் மெக்கார்த்தர் குழு நேச்சர் இதழில் முன்வைத்த இந்த விளக்கம் இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டது. அதற்குமுன், பாசனத்துக்கு நீரை உறிஞ்சியதால் நிலத்தடியில் காற்று புகுந்து பைரைட் கனிமம் சிதைந்தது என்ற கருத்து ஓங்கியிருந்தது.

பாசனம் முழுக்கக் குற்றமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. எம்ஐடியின் சார்ல்ஸ் ஹார்வியும் வங்கதேசப் பொறியியல் பல்கலைக்கழகத்தாரும் முன்ஷிகஞ்சில் செய்த ஆய்வு 2002இல் வந்தது. பாசனப் பம்புகள் மேற்பரப்பிலிருந்து புதிய கரிமப் பொருளைக் கீழே இழுத்து நுண்ணுயிரிகளுக்குத் தீனி போடுகின்றன என்றார்கள். பம்பே இல்லாத கம்போடிய மீகாங் கரையிலும் இதே நஞ்சு உண்டு என்று 2008இல் மேத்யூ பொலிஸோட்டோ, ஸ்காட் ஃபெண்டார்ஃப் குழு காட்டியது. இயற்கையே இதைச் செய்யும், மனிதக் கை அதை முடுக்கவும் இடம் மாற்றவும் கூடும் என்ற அளவில் விவாதம் நிற்கிறது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, ஆய்வகத்தில் தொடங்கியதல்ல. வங்கதேசத்தில் கிணறு இறக்குவோர் மூங்கில் சாரம் கட்டி, நெம்புகோல் வைத்து, இரும்புக் குழாயை மேலும் கீழும் ஏற்றி இறக்குவார்கள். சாரத்தின்மேல் உட்கார்ந்த மிஸ்திரியின் உள்ளங்கைதான் வால்வு. குழாய் ஏறும்போது வாயைப் பொத்துவார், இறங்கும்போது கையை எடுப்பார். சேறும் மணலும் பீறிட்டு வெளியே கொட்டும். சில அடிக்கொரு தரம் அந்த மணலை அள்ளிப் பார்த்து அடுக்கு மாறியதைச் சொல்லிவிடுவார். கறுத்த மணலில் இறக்கிய கிணற்று நீரில் இரும்பு வாடை தூக்கும், சிவந்த மணலில் தண்ணீர் தெளிவு என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்தது. மத்லப் வட்டாரத்தில் மத்தியாஸ் வான் பிரோம்சன், புரோசூன் பட்டாச்சார்யா குழு இதை முறையாகச் சோதித்து 2007இல் வெளியிட்டது. சிவந்த பழைய மணலில் துரு கரையாமல் இருக்கிறது, ஆகவே அங்கே நீரில் ஆர்சனிக் குறைவு, கறுப்பில் அதிகம். நிறத்தை நான்காக வகுத்து மிஸ்திரிகளுக்கே வழிகாட்டி தயாரித்தார்கள். நிக்சன் குழு வேதியியலில் எட்டிய அதே முடிவை உள்ளங்கையில் சேறு பூசியவர்கள் நிறத்தில் வைத்திருந்தார்கள். பெரும்பாலான கிணறுகளை இறக்குவது அவர்கள்தான் என்பதால், எந்த வடிகட்டியையும்விட இந்த அறிவு சீக்கிரம் பரவ வாய்ப்புண்டு.

சோதனைப் பெட்டியும் அப்படி எளிமையானதே. புட்டியில் கிணற்று நீர், அதில் அமிலத் தூளும் துத்தநாகத் தூளும். நுரை கிளம்பும், ஆர்சனிக் இருந்தால் ஆர்சின் வாயுவாக மேலேறி, மூடியில் செருகிய தாள்பட்டையில் பட்டு, வெள்ளை மஞ்சளாகிப் பழுப்பாகும். சில நிமிடம் காத்திருந்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். 1999இல் தொடங்கிய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, சுமார் 14 லட்சத்தின் வாயில் சிவப்புப் பெயிண்ட் பூசப்பட்டது. மற்றவற்றுக்குப் பச்சை. உலகத்தில் இவ்வளவு பெரிய நீர்ச் சோதனை அரிது. ஆனால் பெயிண்ட் உதிர்ந்தது. அதன்பின் இறக்கிய லட்சக்கணக்கான புதுக் கிணறுகளுக்கு எந்த நிறமும் இல்லை.

சிவப்பு பூசினால் மக்கள் கேட்பார்களா? பொருளியலாளர் மால்கோர்சாடா மடாயேவிச்சும் துணை ஆய்வாளர்களும் 2007இல் தந்த விடை வியப்பானது: கெட்ட பம்பு என்று தெரிந்தவர்களில் 60 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் வேறு பம்புக்கு மாறிவிட்டார்கள். பணமோ புதுக்கருவியோ கொடுக்கவில்லை. தகவல் மட்டுமே. மீதி 40 சதவீதத்தின் கதையைப் புரிந்துகொள்ள, இதன் சமூகப் பக்கத்தை ஆராய்ந்த ஃபர்ஹானா சுல்தானாவின் கட்டுரைகளுக்குப் போகவேண்டும். நல்ல பம்பு எவர் முற்றத்தில் இருக்கிறதோ அவரிடம் தண்ணீர் கேட்பது ஒரு சிறு பிச்சை. ஒருநாள் கொடுப்பார், மறுநாள் முகம் கோணும். பழைய நிலத்தகராறு இருந்தால் குடம் திரும்பிவிடும். வெளியார் கண்ணில் படக்கூடாத புது மருமகளுக்கு நூறு மீட்டர் நெடுந்தூரம். நீரைச் சுமப்பவள் அவள்; அவள் அவமானத்தை எந்தச் சோதனைப் பெட்டியும் அளக்காது. வான் கீனின் வரைபடத்தையும் சுல்தானாவின் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மாறியவர்களுக்கும் எல்லாம் நன்மையாகவே முடியவில்லை. பரிசால் பகுதியை ஆராய்ந்த எரிக்கா ஃபீல்ட், ரேச்சல் கிளெனர்ஸ்டர், ரேஷ்மான் ஹுசாம் முதலான பொருளியலாளர்கள், ஆழமற்ற பம்பைக் கைவிடும்படி தூண்டப்பட்ட வீடுகளில் குழந்தை இறப்பு கூடியிருப்பதைக் கண்டார்கள். தூரத்துக் கிணற்றிலிருந்து கொண்டுவந்த நீர் நாள்பூராவும் பானையில் நிற்கிறது. குளத்துக்கே திரும்பியவர்களும் உண்டு. இருபது ஆண்டு கழித்து வரும் புற்றுநோய்க்கு அஞ்சி, இந்த வாரம் வரக்கூடிய வயிற்றுப்போக்கை மறந்துவிட்டோமா என்ற கேள்வி சங்கடமானது. முடிவு பற்றிய வாதங்கள் இருக்கலாம், கேள்வியைத் தள்ள முடியாது.

மருத்துவப் பக்கம் ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாகிவிட்டது. அராய்ஹஜாரில் 2000இல் தொடங்கி 11,746 பேரைப் பின்தொடர்ந்த ஹபிபுல் அஹ்சான் குழு, 2010இல் லான்செட் இதழில், அங்கே நிகழ்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்றுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்சனிக் காரணம் என்று மதிப்பிட்டது. பத்து வயதுக் குழந்தைகளின் அறிவுத்திறன் பாதிக்கப்படுவதை 2004இலேயே வாசர்மன் குழு காட்டியிருந்தது. 2025இல் அதே மக்களின் இருபதாண்டுத் தரவு வந்திருக்கிறது: நல்ல நீருக்கு மாறி, உடலில் ஆர்சனிக் குறைந்தவர்களிடம் இதயநோய், புற்றுநோய் மரண வாய்ப்பு பாதிவரை குறைகிறது. காலம் கடந்துவிட்டது என்று கைவிட்ட முதியவர்களுக்கும் மாற்றம் பலன் தரும் என்பதே இதன் பொருள்.

பொறியியலுக்கு வந்தால், வடிகட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. குஷ்டியாவைச் சேர்ந்த வேதியியலாளர் அபுல் ஹுசாமின் சோனோ வடிகட்டி, இரும்பு, மணல், கரி, செங்கல் ஜல்லி என்று கிடைத்ததைக் கொண்டு கட்டியது. 2007இல் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு பெற்றது. நல்ல கருவிதான். வீட்டுக்கு ஒன்று, ஆண்டுக்கணக்கில் பராமரிப்பு என்று வரும்போதுதான் எல்லா வடிகட்டியும் சோர்ந்துவிடுகிறது. மக்கள் வேண்டிக் கேட்டது ஆழ்கிணறு.

ஆழ்கிணற்றுக்குச் செலவு அதிகம், அரசு மானியம் வேண்டும். மானியம் என்றதும் அரசியல் நுழைந்துவிடுகிறது. 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, ஆளும் தரப்புக்கு வேண்டியவர்களின் வீட்டோரம் கிணறுகள் போய்ச் சேர்வதை ஆவணப்படுத்தியது. சுமார் 2 கோடி மக்கள் இன்னும் நஞ்சு நீரைக் குடிப்பதாகவும் சொன்னது. அதே காலத்தில் வான் கீன் குழு ஆழ்கிணறுகளை வரைபடத்தில் குறித்து, அதே எண்ணிக்கையை ஒழுங்காகப் பரப்பியிருந்தால் இன்னும் வெகுபேருக்கு எட்டியிருக்கும் என்று கணக்கிட்டது. நிலவியலும் பொறியியலும் தயாராக வைத்த விடையைக் கடைசி நூறு மீட்டரில் உள்ளூர்ப் பெரிய மனிதர் வேலிக்குள் இழுத்துக்கொண்டார்.

சோற்றையும் மறந்துவிட முடியாது. ஆர்சனிக் நீர் பாயும் வயலில் வாய்க்கால் ஓரத்து மண் கெட்டு, தூரத்து மண் தப்புகிறது. ஃபரித்பூரில் ஆய்வாளர்கள் இரண்டு இடத்து மேல்மண்ணையும் மாற்றிப்போட்டு, விளைச்சல் மண்ணைப் பின்தொடர்ந்து நகர்வதைக் காட்டினார்கள். 2017இல் வந்த அந்தக் கட்டுரை, நஞ்சு விவசாயியின் வருமானத்தையும் தின்கிறது என்று வயலிலேயே நிறுவியது.

இனி ஆழ்நீரின் கணக்கு. 2008இல் ஹாலி மைக்கேலும் கிளிஃபர்ட் வாஸும் கணினி மாதிரி வைத்து, ஆழ்நீரை வீட்டுத் தேவைக்கு மட்டும் எடுத்தால் ஆர்சனிக் பாதித்த பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆயிரம் ஆண்டு பாதுகாப்பு என்றார்கள். பாசனத்துக்கும் அங்கே கைவைத்தால் மேலடுக்கின் நஞ்சு கீழிறங்கும். டாக்கா நகரமோ தன் தாகத்துக்கு ஆழ்நீரை உறிஞ்சி, ஆண்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் என்று நீர்மட்டத்தை இறக்கிவருகிறது. அந்தப் பள்ளம் நகர எல்லைக்கு வெளியேயும் விரிகிறது. 2013ஆம் ஆண்டின் வங்கதேச நீர்ச் சட்டம் குடிநீருக்கே முன்னுரிமை என்கிறது. எந்த ஆழத்து நீரை எதற்கு, எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஒரு வட்டாரத்தில் யார் தீர்மானிக்கிறார், மீறினால் யார் தடுக்கிறார் என்பதைக் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்த ஆய்வு நான் படித்தவற்றில் மிகக் குறைவு. மண்ணியலாளர்கள் இந்த இடத்தில் சட்டம் படித்தவர்களையும் ஊராட்சி அலுவலகக் கோப்புகளைப் புரட்டத் தெரிந்தவர்களையும் களத்துக்கு அழைத்துப் போகவேண்டியிருக்கிறது.